முதலில் உட்கார இடம், அப்புறம்தான் பரிசோதனை

தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் (பெண் என்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்) வந்துபோக உங்கள் ஊரில் ஒரு மையம் தொடங்கப் போகிறீர்கள் என்றால், டாக்டரைத் தேடுவதற்கு முன்னால் பாத்ரூம் நன்றாக இருக்கிற வீட்டைத் தேடுங்கள். மதுரையில் பல வருடமாக ஒரு சென்டரைப் பார்த்துக்கொள்கிற திருநங்கையாகச் சொல்கிறேன்.

வேலை முடிந்து பேன்ட் சட்டையோடு வருகிற பிள்ளை இங்கே வந்துதான் புடவை கட்டும். வீட்டுக்குக் கிளம்பும்போது மையும் பொட்டும் தெரியாமல் முகம் கழுவியாக வேண்டும். ஒழுங்காகத் தாழ்ப்பாள் விழுகிற கதவு, ஆள் உயரக் கண்ணாடி, மை கலைக்கத் தேங்காய் எண்ணெய், புடவையை வைத்துப் பூட்டிவிட்டுப் போக ஒரு பீரோ. இதெல்லாம் இருந்தால் மறுபடி மறுபடி வருவார்கள். எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்க மட்டும் கூப்பிட்டால் ஒரு தடவையோடு சரி.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கீழே கடைகள் இருக்கிற மாடியாகப் பாருங்கள். யார் ஏறிப்போகிறார்கள் என்று யாரும் கவனிக்க மாட்டார்கள். போர்டில் பொதுவான பெயர் போதும். வீட்டுக்காரரிடம் மட்டும் எதையும் மறைக்காதீர்கள். யார் வருவார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மதியம் திறந்து இரவு ஒன்பது வரை வையுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு மூடவே கூடாது. வீட்டில் சேர்க்காத பிள்ளைகளுக்குப் போக வேறு இடம் இல்லை.

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. 2017ஆம் வருடச் சட்டப்படி சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. உங்கள் களப்பணியாளர்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்கட்டும். நேற்று ஆணுறை கிழிந்துவிட்டது என்று ஒருவர் வந்தால் 'மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுக்கலாம்' என்று அனுப்பிவிடாதீர்கள். 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் தொற்றைத் தடுக்க வாய்ப்பிருக்கிறது, 28 நாள் சாப்பிட வேண்டும். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கிரந்தி என்கிற சிபிலிஸ் நோய்க்கும் சேர்த்தே ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். பாசிட்டிவ் என்று வந்தால் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: கூட்டு மருந்தை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. இதைக் கேட்ட பிறகுதான் பல பேருக்கு மூச்சே வருகிறது.

முதல் தடவை யாரையும் தனியாக அனுப்பாதீர்கள். ஓ.பி. சீட்டில் பழைய பெயர் இருக்கும். புடவையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை 'முருகேசன்!' என்று கூப்பிடுவார்கள். மொத்த வராந்தாவும் திரும்பிப் பார்க்கும். அந்த ஒரு நொடிக்குப் பயந்து சிகிச்சையை விட்டவர்களை எனக்குத் தெரியும். கூடப் போகிறவர் முன்கூட்டியே நர்சிடம் போய், 'சிஸ்டர், இவங்களை டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிடுங்க' என்று கேட்டால் போதும். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

பதிவேட்டில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். எந்த எண் யாருடையது என்கிற நோட்டு தனியாகப் பூட்டில் இருக்கட்டும். நிதி கொடுப்பவர்கள் போட்டோ கேட்பார்கள். நாற்காலியையும் மருந்து அலமாரியையும் எடுத்து அனுப்புங்கள், முகம் வேண்டாம்.

எய்ட்ஸ் தடுப்புத் திட்டப் பணத்தில் நடக்கிற சென்டர்களில் ஒரு குறை உண்டு. அந்தப் பணம் பெரும்பாலும் திருநங்கைகளையும் ஆண்களோடு உறவு வைக்கும் ஆண்களையும் நினைத்து வருவது. பெண்ணை விரும்பும் பெண்களும் திருநம்பிகளும் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். வாரத்தில் ஒரு மாலையை அவர்களுக்கென்று ஒதுக்கி, அன்றைய பொறுப்பையும் அவர்களிடமே கொடுங்கள்.

பிரச்சினை பெரிதாக வருவதும் அவர்களுக்குத்தான். வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்கள் உங்கள் படியேறினால், காணவில்லை என்ற புகாரோடு போலீஸ் பின்னாலேயே வரும். வயதுச் சான்றின் நகலை உடனே வாங்குங்கள். பதினெட்டு ஆகவில்லை என்றால் வழியே வேறு, குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கூப்பிடுங்கள். ஆகியிருந்தால், சொந்த விருப்பத்தில் வந்தோம் என்று அவர்கள் கைப்பட எழுதி, எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பட்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று போட்ட உத்தரவின் நகல் மேசை டிராயரிலேயே இருக்க வேண்டும். வயது வந்தவர்கள் சம்மதத்தோடு சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடிக்க வேண்டும், தொந்தரவு செய்யக் கூடாது என்று அதில் இருக்கிறது. 'குணப்படுத்துகிறேன்' என்று கிளம்பும் டாக்டர்களையும் அதே உத்தரவு தடுக்கிறது. வருகிற எஸ்.ஐ.யிடம் குரலை உயர்த்தாமல் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். வக்கீல் வரும்வரை பெண்களை யாரோடும் தனியாக அனுப்பாதீர்கள், அம்மாவே வந்து அழுதாலும்.