ஸ்பீக்கருக்கு ஒரு சத்தம், ஹெட்போனுக்கு ஒரு சத்தம்

யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் கணினி ஒன்றுதான். பின்னேரம் பிள்ளை ஹெட்போன் போட்டு ஏ.எல். ஸூம் வகுப்பு கேட்கும். இரவில் கனடாவிலிருந்து மாமா கதைக்க, வீடே ஸ்பீக்கரில் கேட்கும். அந்தச் சத்தம் அப்படியே அடுத்த நாள் ஹெட்போனுக்குள் போனால் பிள்ளையின் காது என்னாவது? 80 டெசிபலை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம், 90 என்றால் 4 மணித்தியாலம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

விண்டோஸ் ஒவ்வொரு ஒலிக் கருவிக்கும் வொல்யூமைத் தனித்தனியே நினைவில் வைக்கும். யூஎஸ்பி, புளூடூத் ஹெட்போன்களுக்குப் பிரச்சினையே இல்லை. சிக்கல் டெஸ்க்டொப்பில்தான்: பின்னால் ஸ்பீக்கர், முன்னால் ஹெட்போன் செருகினால், இரண்டையும் ஒரே கருவியாகவே விண்டோஸ் எடுத்துக்கொள்ளும்.

கணினியின் ஒலியமைப்புகளை மாற்றும் செயலியான ரியல்ரெக் ஓடியோ கொன்சோல் இருந்தால் அதில் 'டிவைஸ் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ்' போய், முன் பின் வெளியீடுகள் இரண்டும் வெவ்வேறு ஒலியை ஒரே நேரத்தில் தரும் என்ற தெரிவைப் போடுங்கள். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். ஒவ்வொன்றையும் தெரிவுசெய்து சத்தத்தை வையுங்கள், ஹெட்போனுக்குக் குறைவாக.

ஒன்று கவனம்: அதன்பிறகு ஹெட்போனைச் செருகினாலும் ஸ்பீக்கர் தானாக அடங்காது. விண்டோஸ் 11இல் கீபோர்டில் விண்டோஸ், கன்ட்ரோல், V விசைகள் மூன்றையும் சேர்த்து அழுத்தி நீங்களே மாற்றவேண்டும். அந்தத் தெரிவே இல்லாத பழைய கணினி என்றால், ஒரு சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்ட் வாங்கி ஹெட்போனை அதில் செருகுங்கள், சரி.