அபூர்வ ஆங்கிலச் சொற்கள்: உதாரண வாக்கியத்தைப் பார்த்து எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை வகுப்புக்குப் போகிற பிள்ளைகளின் கொப்பியைத் திறந்தால், அதிகம் புழங்காத ஆங்கிலச் சொற்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அந்தப் பரீட்சையின் எழுத்துப் பகுதியில் நாலில் ஒரு பங்கு புள்ளி சொல்வளத்துக்கு என்பதால் அதைக் குறைசொல்லவும் முடியாது. ஆனால் புள்ளித்திட்டத்தைக் கவனமாக வாசித்தால், 7ஆம் பாண்டுக்கு, அதாவது அந்தத் தரநிலைக்கு, அபூர்வச் சொல் மட்டும் போதாது என்பது தெரியும். அது எந்த நடைக்குப் பொருந்தும், எந்தச் சொற்களோடு சேரும் என்ற உணர்வும் வேண்டும். அது பட்டியலில் கிடைக்காது. உதாரண வாக்கியங்களில்தான் கிடைக்கும், அவற்றை வாசிக்கத் தெரிந்தால்.

பெரிய தவறு, ஒரே வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வது. ‘ரைஃப்’ என்ற சொல்லுக்கு அகராதியில் ‘பரவலான’ என்று பொருள் இருக்கும். கீழே வதந்தி பரவியது பற்றி ஒரு வாக்கியம். சரி, பரவலாக இருக்கிற எதற்கும் போடலாம் என்று எண்ணி, காலி வீதியில் சேலைக்கடைகள் ‘ரைஃப்’ என்று எழுதுகிறார்கள். தமிழில் ‘சேலைக்கடைகள் தலைவிரித்தாடுகின்றன’ என்று எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அதுவும். பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்திருந்தால், கூட வருபவை ஊழல், வதந்தி, நோய், குற்றம் என்று புரிந்திருக்கும். பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோன் சின்க்ளேயர் தலைமையில் உருவாகி 1987இல் வந்த கோபில்ட் அகராதி, ஆசிரியர்கள் கற்பனை செய்த வாக்கியங்களை விட்டுவிட்டு உண்மையான எழுத்துகளிலிருந்து உதாரணம் எடுத்தது இதற்காகத்தான்.

அடுத்தது, வாக்கியத்தின் வயதைப் பாராமல் விடுவது. ‘இக்ரீஜியஸ்’ என்றால் 16ஆம் நூற்றாண்டில் ‘தலைசிறந்த’ என்ற பொருளும் உண்டு. இன்றைக்கு அது படுமோசமான பிழையைக் குறிக்கும். பழைய மேற்கோளை நம்பி, ஓய்வுபெறும் பாடசாலை அதிபரை அந்தச் சொல்லால் பாராட்டினால் பிரியாவிடை விழா என்னாகும்!

‘டிஃபெனஸ்ட்ரேஷன்’ இன்னும் சுவாரசியம். ஜன்னல் வழியாகத் தூக்கி எறிவது என்று அர்த்தம். உதாரணங்களில் திரும்பத் திரும்ப வருவது 1618இல் பிராக் கோட்டையில் நடந்த சம்பவம். புரட்டஸ்தாந்துப் பிரபுக்கள் அரச பிரதிநிதிகள் இருவரையும் அவர்களது செயலாளரையும் ஜன்னலால் எறிந்தார்கள், அதுவே முப்பதாண்டுப் போருக்கு வழிவிட்டது. மற்ற உதாரணங்களில் பெரும்பாலும் பதவி பறிபோன அரசியல்வாதியைப் பற்றிய கிண்டல் இருக்கும். இந்த இரண்டையும் கவனிக்காதவர், பம்பலப்பிட்டி மாடிவீட்டிலிருந்து பூச்சட்டி விழுந்ததைக் காப்புறுதிக் கடிதத்தில் இந்தச் சொல்லால் எழுதக்கூடும். யாரும் எறியவில்லை, தானாக விழுந்தது என்பதுதான் அவர் கோரிக்கையே!

இணைய அகராதிகளில் இயந்திரம் பொறுக்கித் தரும் வாக்கியங்களைச் சந்தேகத்தோடுதான் பார்க்கவேண்டும். செய்தியின் நடுவிலிருந்து வெட்டியெடுத்ததால் எழுதியவர் நக்கலாகச் சொன்னாரா என்பது தெரியாது. சிலவேளை நாம் தேடிய சொல் ஒரு இசைக்குழுவின் பெயராகவே இருக்கும். ஐந்து தளங்களில் ஒரே வாக்கியம் இருந்தால் அதை ஐந்து ஆதாரமாக எண்ணவும் கூடாது.

அப்புறம், ‘அபூர்வம்’ என்பது இடத்துக்கு இடம் மாறும். ‘யூசுஃப்ரக்ட்’ பல ஆங்கில வாசகர்களுக்குக் கேள்விப்படாத சொல். ரோமன் டச்சுச் சட்டம் புழங்கும் இங்கே இலங்கையில், நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் காணி உறுதிகளோடு வேலைசெய்பவர்களுக்கு அது அன்றாடச் சொல். சொத்தை விற்காமல் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையை நாம் சீவிய உருத்து என்போமே, அது. அமெரிக்க உதாரணம் தேடினால், பூமி உயிரோடிருப்பவர்களுக்கு அனுபவிக்க மட்டுமே உரியது என்று 1789இல் தோமஸ் ஜெபர்சன் இந்தச் சொல்லைப் போட்டு எழுதிய கடிதம் வரும். அதைப் பார்த்து அலங்காரத்துக்காக நம்மூர்க் கடிதமொன்றில் சேர்த்தால், வாசிக்கிற நொத்தாரிசு எந்தக் காணி என்று கேட்பார்.