பிரேக் செலவுக்குச் சரி சொல்லும் முன்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது எங்கள் காரின் பிரேக் மிதி பஞ்சு போல அமுங்கியது. சர்வீஸ் சென்டரில் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க், அதை இறுக்கிப் பிடிக்கும் பேட், மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் மாற்றச் சொன்னார்கள்.

கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பேடில் உராயும் பகுதி 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பொதுவாக அவசரமில்லை. வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓடும்போது மிதியை அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டர் சந்தேகம் நியாயம்தான்.

எங்கள் காரில் மிதி அப்படிக் கீழே போகவில்லை. பழைய பிரேக் ஆயில்தான் காரணம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதித்துவிடும். நீண்ட இறக்கத்தில் சூடேறி ஆவிக் குமிழ் கட்டினால் மிதி தொளதொளத்துவிடும். பல வண்டிகளுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

ஏர் ஃபில்டர், வைப்பரை நாமே மாற்றலாம். மலையில் ஓடுகிற வண்டியின் பிரேக்கைப் பழகாமல் பிரிக்காதீர்கள், இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.