ரசத்தில் இருந்த கோதுமை: சிங்கப்பூர் சுற்றுலாவில் குளூட்டனும் பாலும் தவிர்ப்பவர்கள் ஏமாறும் இடங்கள்

போன மே மாத விடுமுறையில் திருச்சியிலிருந்து அக்கா குடும்பம் பத்து நாளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. அக்கா மகனுக்குச் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை என்னும் மூன்று தானியங்களிலும் உள்ள குளூட்டன், அதாவது பசையம், துளி உள்ளே போனாலும் அவன் உடம்பே அவன் குடலைத் தாக்கும். மூத்தவள் கல்லூரிக்குப் போனதும் வீகன் ஆகிவிட்டாள். பால், தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது. வீடு மொத்தமும் சைவம். "தேக்கா பக்கத்துல இருக்கு, அரிசிச் சாப்பாடு, நமக்கென்னக்கா கஷ்டம்?" என்று, லிட்டில் இந்தியா என்னும் தேக்காவை நம்பித் தைரியம் சொன்னவள் நான்தான்.

இரண்டாம் நாள் இரவே பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தான். அன்று அவன் எந்தக் கடையிலும் சாப்பிடவில்லை. என் கையால் வைத்த ரசமும் சோறும்தான். அக்கா அடுப்பு மேடையில் இருந்த பெருங்காய டப்பாவை எடுத்துத் திருப்பினாள். "ஏண்டி, இதப் படிச்சியா?" பொடி எழுத்தில் 'கோதுமை மாவு' என்று இருந்தது. இருபது வருடமாகத் தினமும் திறக்கும் டப்பா. ஒருநாளும் அதன் பின்பக்கத்தைப் பார்த்ததில்லை.

நம்ம சாப்பாடுதானே என்று நம்புவதுதான் முதல் தவறு. பெருங்காயப் பிசின் காரமான, ஒட்டும் பொருள். அதைப் பொடியாக்க மாவு சேர்ப்பார்கள். பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா, சிலவற்றில் அரிசி மாவு. கட்டிப் பெருங்காயத்திலும் மாவு இருக்கலாம். ஆகவே சாம்பார், ரசம், இட்லிப் பொடி, ஊறுகாய், மோர், சில அப்பளங்கள் என்று அரிசிச் சாப்பாட்டைச் சுற்றி நிற்பது எல்லாமே சந்தேகத்துக்குரியது. கடையில் போய் "குளூட்டன் இருக்கா?" என்று கேட்டால், "இல்லக்கா, எல்லாம் சைவம்" என்றுதான் பதில் வரும். தம்பி பொய் சொல்லவில்லை, கேள்விதான் அவருக்குப் புரியவில்லை. "சாம்பார்ல பெருங்காயம் இருக்கா? கோதுமை மாவு கலந்ததா? டப்பாவைக் கொஞ்சம் காட்டுவீங்களா?" என்று கேளுங்கள். இரண்டு கடைகளில் எடுத்து வந்து காட்டினார்கள், இரண்டிலும் கோதுமைதான்.

தோசையிலும் இதே கதை. மாவில் அரிசியும் உளுந்தும்தான் என்றாலும், அதே கல்லில் சற்றுமுன் ரவா தோசையோ சப்பாத்தியோ வெந்திருக்கும். ரவை என்பதே கோதுமை என்று நினைவில் இல்லாதவர்கள் நம்மில் நிறையப் பேர். உளுந்து வடையை மைதா போண்டா பொரித்த எண்ணெயில் போட்டால் அதுவும் போச்சு. வீகனுக்குச் சிக்கல் வேறு: பொங்கலில் நெய், தாளிப்பில் நெய், சாதா தோசை கேட்டாலும் ஓரத்தில் பழக்கதோஷத்தில் ஒரு கரண்டி நெய். 'நெய் வேண்டாம், எண்ணெய் மட்டும்' என்று மாவு கல்லில் விழுவதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும்.

கடைசியில் அவனுக்குக் கைகொடுத்தது இட்லியும் இடியாப்பமும். இங்கே மலாய்க்காரர்கள் இடியாப்பத்தைப் புட்டு மாயம் என்பார்கள். தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் வைத்துத் தருவார்கள். அரிசி மாவு மட்டும்தானா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் மூத்தவளும் அவள் தம்பியும் ஒரே பொட்டலத்தில் சாப்பிடலாம். அப்படி ஒன்று அமைந்தால் அதிர்ஷ்டம். இருவருக்கும் ஒத்துவரும் ஒரே சாப்பாட்டைத் தேடியே நாங்கள் முதல் மூன்று நாளை வீணாக்கினோம். பல சாப்பாட்டுக் கடைகள் ஒன்றாக இருக்கும் உணவங்காடியின் அழகே ஆளுக்கொரு கடையில் வாங்கி ஒரே மேசையில் உட்காரலாம் என்பதுதான்.

'சைவம்' என்ற பலகையை நம்புவது அடுத்த தவறு. நம் சைவத்தில் முட்டை இருக்காது, பால் இருக்கும். சீனச் சைவத்தில் பூண்டும் வெங்காயமும் இருக்காது, ஆனால் கடையைப் பொறுத்து முட்டையோ பாலோ இருக்கலாம். வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் இம் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் அருகருகே இருப்பதைக் காட்டக் கூட்டிப்போனேன். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் ஃபார்ச்சூன் சென்டர். சைவக் கடைகளுக்குப் பேர் போன கட்டடம். மூத்தவளுக்கு அது சொர்க்கம். பையனுக்கோ அங்கே பாதித் தட்டு ஆபத்து. கோழி போலவும் வாத்து போலவும் செய்து வைத்திருக்கும் போலி இறைச்சியில் பல, கோதுமை மாவைக் கழுவி மாவுச்சத்தை நீக்கி எடுத்த பசையம்தான். நாம் தவிர்க்க நினைக்கும் பொருளே உருண்டு திரண்டு தட்டில் கிடக்கிறது! அது இல்லாத காய்கறியைக் கேட்டாலும் சோயா சாஸ் இருக்கும். சாதாரண சோயா சாஸ் கோதுமை சேர்த்துப் புளிக்க வைப்பது. அரிசி சேமியாவான பீஹூன் வெள்ளையாக இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்; பழுப்பாக வந்தால் சோயா சாஸ் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மலாய்ச் சாப்பாட்டில் வீகனுக்கு வேறு கண்ணி. மிளகாய் விழுதான சம்பாலிலும், நூடுல்ஸ் குழம்பான லக்சாவிலும், கங்கோங் கீரையிலும் இறால் விழுது, அதாவது பெலாச்சான், கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும்.

குடிப்பதைக் கேட்காமல் வாங்குவதும் தவறுதான். "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று நாமே பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் பார்லித் தண்ணீர் அவனுக்கு விஷம். மைலோவிலும் பார்லி மால்ட், கூடவே பால். வீகனுக்குத் 'தே' என்றால் கெட்டிப்பால் சேர்த்த டீ, 'தே ஓ' என்றால் பால் இல்லாதது. 'கோப்பி ஓ' கேட்டால் தப்பித்தோம் என்று மூத்தவள் நினைத்தாள். பழைய முறையில் இங்கே காப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினோ வெண்ணெயோ சேர்த்து வறுப்பார்கள் என்று சொன்னதும் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டாள். பாவம், சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. புளுட் என்னும் ஒட்டரிசியின் ஆங்கிலப் பெயரில் 'குளுட்டினஸ்' என்று இருப்பதைப் பார்த்து அக்கா பயந்துபோய்ப் பையனின் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கினாள். ஒட்டும் தன்மைக்காக வந்த பெயர் அது. அரிசியில் குளூட்டன் கிடையாது. புளுட் ஹீத்தாம் என்பது நம் கவுனி அரிசியின் உறவு, தேங்காய்ப்பால் ஊற்றித் தரும் கருப்புக் கஞ்சி. மறுநாள் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான்.

பகல் 12.30க்கு, பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நிற்கும்போது கடைக்காரரிடம் விளக்கம் கேட்காதீர்கள். "இருக்காது, இருக்காது" என்று தலையாட்டி அனுப்பிவிடுவார். 11 மணிக்கோ 3 மணிக்கோ போங்கள். அப்போது சட்டியைக் கழுவி வதக்கித் தரக்கூட ஆள் உண்டு. ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொள்வதும் நல்லது. கோதுமைக்குச் சீனத்தில் 'சியாவ் மாய்', மலாயில் 'கண்டும்'. கண்டும் காணாமல் சாப்பிடாதே என்று பையனைக் கேலி செய்தே அந்த வார்த்தையைப் பழக்கிவிட்டோம். பேரங்காடியில் இவ்வளவு பாடு இல்லை. பொட்டலமிட்ட உணவில் குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன் போன்றவற்றைப் பட்டியலில் காட்டுவது சிங்கப்பூரில் கட்டாயம். காப்பிக்கடைத் தட்டுக்கு அப்படி எந்தப் பட்டியலும் கிடையாது.

பையில் முறுக்கு இருக்கிறது, வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். எம்.ஆர்.டி ரயிலிலும் நிலையத்திலும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது; 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். பசித்த பிள்ளைக்கு நிலையத்துக்குள் நுழையும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

விமானத்தில் வந்தபோது நடந்ததை அக்கா கடைசி நாள்தான் சொன்னாள். முன்கூட்டியே குளூட்டன் இல்லாத சாப்பாடு கேட்டு வைத்திருந்தாள். தட்டைத் திறந்தால் கோழி. சிறப்பு உணவில் பொதுவாக ஒரு பயணிக்கு ஒரு வகையைத்தான் பதிவு செய்ய முடியும். குளூட்டன் இல்லாதது என்றால் சைவம் என்று அர்த்தமில்லை. இந்தியச் சைவம் என்று மாற்றிக் கேட்டால் சப்பாத்தி வரலாம். பையன் பழத்தைத் தின்றுவிட்டுத் தூங்கியிருக்கிறான்.

திரும்பும்போது அந்தத் தவறு வேண்டாம் என்று விடியற்காலையில் இட்லி அவித்தேன். சட்னி 100 மில்லிக்கு மேல் போனால் சாங்கி விமான நிலையத்தில் கைப்பையோடு உள்ளே விடமாட்டார்கள். அதனால் ரயில் பயணத்துக்கு அம்மா செய்வதுபோல, பெருங்காயம் போடாமல் இடித்த பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இட்லியின் இரண்டு பக்கமும் தடவி, வாழையிலையில் மடித்து, ஆளுக்கு ஆறாகக் கட்டிக் கொடுத்தேன். விமானம் ஏறுவதற்கு முன்பே இரண்டு பொட்டலம் காலி என்று அக்கா மெசேஜ் அனுப்பினாள்.