விட்ரியஸில் மைக்ரோ ஆர்என்ஏ அளக்கும்போது ரத்தக் கலப்பைக் கண்டுபிடிப்பது எப்படி

சர்க்கரை நோயால் விழித்திரையில் புது ரத்தக் குழாய்கள் முளைத்தவரின் விட்ரியஸ் திரவத்தில் (விழிக்கோளத்துக்குள் நிறைந்திருக்கும் ஜெல்) மிர்-126 என்ற மைக்ரோ ஆர்என்ஏ கூடியிருப்பதாகக் கருவி காட்டினால், அதை உடனே நம்பிவிட வேண்டாம். புரதமாக மாறாத இந்தச் சிறு ஆர்என்ஏ, ரத்தக் குழாயின் உட்சுவர் செல்களில் ஸ்ப்ரெட்1 மரபணுவை அடக்கி, குழாய் வளரத் தூண்டும் விஇஜிஎஃப்பின் சமிக்ஞையை வலுப்படுத்துவது உண்மைதான். ஆனால் ரத்தத் தட்டணுக்களிலும் அது ஏராளம். புதுக் குழாய்கள் எளிதில் உடைந்து விட்ரியஸுக்குள் ரத்தம் கசிவதோ இந்த நோயில் அடிக்கடி நடப்பது. அளந்தது நோயையா, கசிந்த ரத்தத்தையா என்று பிரித்துச் சொல்ல முடிய வேண்டும்.

மாதிரி எடுப்பு

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தமிழில் எழுதிய சம்மதப் படிவமும் முதலில் வேண்டும். பிறகு அறுவை மருத்துவரிடம் பேசுங்கள். கண்ணுக்குள் உப்புக் கரைசல் பாயத் தொடங்கும் முன்பே, விட்ரியஸை வெட்டி அகற்றும் கட்டரின் உறிஞ்சு குழாயில் சிரிஞ்சை இணைத்து 0.5 மி.லி. வரை எடுக்க வேண்டும். கரைசலைத் திறந்த பிறகு எடுத்தால் எவ்வளவு நீர்த்தது என்று கணக்கிட வழியே இல்லை. ஒப்பீட்டுக்கு மாக்குலர் ஹோல் (விழித்திரையின் மையத்தில் விழும் ஓட்டை) நோயாளிகளின் விட்ரியஸ் பொருந்தும். அறுவைக்குச் சில நாள் முன்பு விஇஜிஎஃப்பைத் தடுக்கும் பெவாசிசுமாப் ஊசி போடும் வழக்கம் உண்டு. அந்தத் தேதியைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

உறைய வைக்கும் முன் சுழற்றுங்கள்

பெரும்பாலான மாதிரிகள் கெடுவது இங்கேதான். எழும்பூரில் எடுத்ததைத் தரமணி ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் வழியில் உலர் பனியில் போட்டால், உள்ளே மிதக்கும் சிவப்பணுக்கள் உறைந்து உடைந்து தங்கள் ஆர்என்ஏவைத் திரவத்தில் கொட்டிவிடும். பிறகு எந்தச் சுழற்சியாலும் அதைப் பிரிக்க முடியாது. சாதாரண ஐஸில் வைத்து, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் 4 டிகிரியில் 3,000 ஜி (புவியீர்ப்பைப் போல 3,000 மடங்கு விசை), 10 நிமிடம் சுழற்றுங்கள். மேல்நீரை மட்டும் எடுத்து மறுபடி 16,000 ஜி, 10 நிமிடம். சென்னை நெரிசலில் இந்த நேரம் கட்டுப்படியாகாது என்றால், அறுவை அரங்குக்குப் பக்கத்திலேயே சிறிய குளிர் சென்ட்ரிஃபியூஜ் ஒன்றை வைப்பதுதான் வழி. அதன் பிறகே 200 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள்.

பிரித்தெடுப்பு

200 மைக்ரோலிட்டருக்கு 1 மி.லி. பீனால்-குவானிடின் கரைசல் ஊற்றிக் கலக்கி, 5 நிமிடம் விடுங்கள். பிரித்தெடுப்பு சரியாக நடந்ததா என்று பார்க்க உதவும், புழுவின் மிர்-39-இன் செயற்கை நகலை இதன் பிறகே சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் திரவத்திலுள்ள நொதிகள் அதைத் தின்றுவிடும். பிறகு 200 மைக்ரோலிட்டர் குளோரோஃபார்ம், 12,000 ஜி, 4 டிகிரியில் 15 நிமிடம். மேல் அடுக்கை எடுக்கும்போது இடை அடுக்கைத் தொடாதீர்கள். மேல் அடுக்கில் கொஞ்சம் எடுக்காமல் மீந்தாலும் பரவாயில்லை. கிடைக்கும் ஆர்என்ஏ மிகக் குறைவு என்பதால் ஒளி உட்கவர்வால் ஆர்என்ஏவை அளக்கும் நானோடிராப் கருவியின் எண்ணுக்கு இங்கே அர்த்தமில்லை. எல்லா மாதிரிக்கும் ஒரே கன அளவை எடுத்துக்கொள்ளுங்கள். மிர்-39 தாமதமாக வந்தால், பீனால் எச்சமோ விட்ரியஸின் ஹையலூரோனிக் அமிலமோ பிசிஆரை (நகலெடுத்துப் பெருக்கி அளக்கும் வினை) தடுக்கிறதா என்று பாருங்கள்: ஐந்து மடங்கு நீர்த்து ஓட்டும்போது சிக்யூ (சமிக்ஞை தென்படத் தொடங்கும் சுழற்சி எண்) எதிர்பார்த்த அளவுக்கு (சுமார் 2.3) ஏறாவிட்டால் தடை இருக்கிறது.

ரத்தச் சோதனை

ஒவ்வொரு மாதிரியிலும் மிர்-451ஏ, மிர்-23ஏ இரண்டையும் ஓட்டுங்கள். சிவப்பணுவில் நிறைய இருப்பது 451ஏ; சிவப்பணு சிதைந்தாலும் அதிகம் மாறாதது 23ஏ. 23ஏ-வின் சிக்யூவிலிருந்து 451ஏ-வின் சிக்யூவைக் கழிக்க வேண்டும். பிளாஸ்மாவில் வித்தியாசம் 7-க்கு மேல் போனால் சிவப்பணு சிதைந்திருக்கிறது என்று கொள்வார்கள். அந்த வரம்பை விட்ரியஸுக்கு அப்படியே எடுக்காமல், உங்கள் ஒப்பீட்டு மாதிரிகளின் பரவலோடு வைத்துப் பாருங்கள். ஹீமோகுளோபினைக் காட்டும் 414 நானோமீட்டர் ஒளி உட்கவர்வையும் சேர்த்துப் பதியுங்கள். இவை சிவப்பணுவைத்தான் காட்டும்; தட்டணுவுக்கு மிர்-223-ஐயும் சேர்ப்பது நல்லது. செல்களில் அளவுகோலாகப் பயன்படும் யு6 என்ற சிறு ஆர்என்ஏவை இங்கே ஒப்பீட்டு அளவாக வைக்க வேண்டாம். செல் இல்லாத திரவத்தில் அது நிலையாக இருப்பதில்லை.

மாலட்1 போன்ற நீள ஆர்என்ஏவைத் தேடினால் இன்னும் கவனம் தேவை. அது செல்லின் உட்கருவிலேயே தங்குவது; விட்ரியஸில் தென்பட்டால் முதலில் செல் உடைந்ததா என்றுதான் சந்தேகிக்க வேண்டும். பிசிஆரைத் தொடங்கிவைக்கும் பிரைமர்கள் இன்ட்ரானை (ஆர்என்ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் பகுதி) தாண்டி அமைவதில்லை என்பதால் கலந்த டிஎன்ஏவும் அதே சமிக்ஞையைத் தரும். டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதியைக் கொடுத்து, ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் இல்லாத குழாய் ஒன்றையும் ஒவ்வொரு மாதிரிக்கும் ஓட்டுங்கள்.