லினக்ஸ் அணைய மறுத்தால் முதலில் திரையைப் படியுங்கள்

லினக்ஸை முதன்முறையாக நிறுவுபவர்கள், வன்தட்டில் கை வைப்பதற்கு முன், பென்டிரைவிலிருந்தே அதை இயக்கி, ஒருமுறை அணைத்தும் பார்த்துவிடுவது நல்லது. அப்போது பென்டிரைவை எடுத்துவிட்டு என்டர் விசையை அழுத்துமாறு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு கேட்கும். அந்த வரி சில சமயம் திரையில் தெரியாமல் போவதால், கணினி உறைந்துவிட்டதாகப் புதியவர்கள் பதறுவதுண்டு. என்டரைத் தட்டினால் போதும்.

நிறுவிய பிறகும் அணைவதற்கு நேரமானால், சின்னம் மட்டும் தெரியும் அந்தத் திரையில் எஸ்கேப் விசையை அழுத்துங்கள். பின்னால் ஓடும் செய்திகள் வெளிப்படும். ஏதோ ஒரு பணி நிற்பதற்காகக் காத்திருப்பதாக அங்கே வரி வந்தால், பணிகளைத் தொடங்கி நிறுத்தும் மென்பொருளான சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடிகள் பொறுத்துவிட்டுப் பின்னர் அப்பணியை வலுக்கட்டாயமாக நிறுத்திவிடும் என்பதால், அதற்குள் பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை. அந்தப் பணியின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்வைத் தேடுவதற்கு அதுவே திறவுகோல். காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துவிடும்படி சிலர் சொல்வார்கள். அது காரணத்தை மறைக்குமே தவிர நீக்காது என்பது என் கருத்து.

செய்தி எதுவுமின்றிக் கருந்திரையிலேயே நின்றால், திரைக்காட்சியை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரைச் சந்தேகிக்கலாம். என்விடியா கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினியில், அதற்கான திறந்த மூல டிரைவரான நூவோவுக்குப் பதிலாக அந்நிறுவனத்தின் டிரைவரை நிறுவிப் பாருங்கள்.

வேறு வழியே இல்லையெனில், உபுண்டுவில் ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன் விசைகளைப் பிடித்தபடி எஸ் (S), யு (U), பி (B) ஆகியவற்றைச் சில விநாடி இடைவெளியில் அழுத்தினால், தரவுகள் வட்டில் எழுதப்பட்டு, கோப்பமைப்பு மேலும் எழுத முடியாதபடி பூட்டப்பட்ட பின்னரே கணினி மறுதொடக்கமாகும்.