கனடா விசிட் விசா: விரல் அடையாளக் கட்டணத்தைப் பாருங்கள்

கல்லடியிலோ கல்முனையிலோ இருந்து ரொறன்ரோ கல்யாணத்துக்குக் குடும்பமாக வெளிக்கிடுகிறவர்கள் விண்ணப்பங்களை ஒன்றாகவே போடுங்கள். விசாக் கட்டணம் தலைக்கு 100 கனேடிய டொலர். ஐந்து பேரோ அதற்கு மேலோ உள்ள குடும்பம் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் மொத்தம் 500தான். விரல் அடையாளம், படம் எடுப்பதற்குத் தனியாள் கட்டணம் 85 டொலர். ஆனால் தாய், தகப்பன், பிள்ளைகள் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் மொத்தமே 170தான். 14 வயது ஆகாத பிள்ளைகளுக்கும் 79 தாண்டிய அம்மம்மாவுக்கும் அதுவும் தேவையில்லை. கடந்த 10 வருடத்துக்குள் விரல் அடையாளம் கொடுத்தவர்கள், விசிட் விசாவுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டாம். இதை டவுனில் ஏஜென்சிக்காரர் தானாகச் சொல்லமாட்டார், கேளுங்கள். அவருடைய கூலி வேறு, அரசாங்கக் கட்டணம் வேறு. இணையத்தில் கட்டிய ரசீதை வாங்கிப் பாருங்கள். விசா மறுக்கப்பட்டால் இந்தக் காசு திரும்பாது.